ஐந்து வாட்

எர்மோசில்லோவில் ஜூலை.
பானட்டில் கை வைத்தால் கொப்புளம்.
இந்த ஊரில் வெயில்தான் எனக்கு முதலாளி,
அதுதான் ஆட்களைக் கடைக்கு அனுப்புகிறது.
காலையில் ஒரு நிசான் வந்தது:
எர்த் வயர் பச்சை பூத்து,
இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஆடியது.
அரை மணி நேர வேலை, சிரித்துக்கொண்டே முடித்தோம்.

அப்புறம் எலியோதோரோ வந்தார்.
காலையில் ஏசி குளிர்கிறது,
பதினொன்றரைக்கு மேல் அடுப்பு ஊதுகிறது என்றார்.
ஏற்கெனவே இரண்டு கடைகளில்
கேஸ் நிரப்பிக் காசு வாங்கியிருந்தார்கள்.
குறையாத கேஸை நிரப்புவது சுலபம்.
இன்னொன்றும் சொன்னார், கொஞ்சம் தயங்கி:
சனிக்கிழமை நிறுத்தினால்
திங்கட்கிழமை வண்டி செத்துக் கிடக்கிறது.
ஒரு வருடத்துக்குள் இது மூன்றாவது பேட்டரி.

முதலில் ஏசி.
எஞ்சினை ஓடவிட்டு வெயிலில் நிறுத்தி
நானும் தாடேயோவும் தர்பூசணி தின்றபடி காத்திருந்தோம்.
கெட்டுப்போகட்டும் என்று காத்திருப்பதே
இந்தத் தொழிலில் பாதி.
பன்னிரண்டுக்குச் சற்று முன்
டிக்கென்ற சத்தம் வராமல் போனது.
கம்ப்ரசருக்குக் கரண்ட் வருகிறது,
மீட்டர் பதின்மூன்றரை வோல்ட் காட்டுகிறது,
கிளட்ச் தட்டுதான் ஒட்டவில்லை.
விரலைத் தூர வைத்து, விளக்குமாற்றுக் காம்பால்
லேசாக ஒரு தள்ளு.
பிடித்துக்கொண்டது. குளிர்ந்தது.

தேய்ந்து தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது.
சூடேறிய காந்தத்துக்கு
அவ்வளவு தூரம் இழுக்கத் தெம்பில்லை.
தட்டைக் கழற்றி, உள்ளேயிருந்த வாஷர் ஒன்றை எடுத்தேன்.
விரல்நகக் கனம்தான் இருக்கும்.
புதிதாக எதுவும் போடவில்லை.
எடுத்ததற்குமா காசு என்றார்.
ஆமாம் என்றேன்.

பிறகு பேட்டரி.
கதவுகளைப் பூட்டி, சாவியைத் தூர வைத்து
நாற்பது நிமிடம் வண்டியைத் தூங்கவிட்டேன்.
தூங்கும் வண்டி முப்பது மில்லி ஆம்பியர் குடிக்கலாம்.
இது நானூற்று ஐம்பது குடித்தது.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன்.
ரேடியோ, இல்லை. ஹாரன், இல்லை.
பதினாலாவதில்
எண் சரசரவென்று இறங்கி
முப்பத்தொன்றில் படுத்துக்கொண்டது.
உள்விளக்குகள்.
ஆனால் எதுவும் எரியவில்லையே.

ஃபியூஸைத் திரும்பச் செருகி,
தாடேயோவின் செல்போனை வீடியோ எடுக்கவிட்டு
டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினோம்.
எடுத்துப் பார்த்தால்
உள்ளே பட்டப்பகல்.

எலியோதோரோவுக்குக் கோர்ட்டு நோட்டீஸ் கொடுக்கிற வேலை.
வீட்டைக் காலி செய், தவணையைக் கட்டு,
பிள்ளையை வாரம் ஒருமுறை காட்டு.
எல்லாம் அவர் கையால்தான் போய்ச் சேரும்.
பெட்டிக்குள் ஒரே ஒரு தடித்த கவர்.
குறுக்கே கிடந்து
மூடியை ஒரு கோதுமைமணி அளவு தூக்கியிருந்தது.
சுவிட்ச் முழுதாக அமுங்கவில்லை.
போன அக்டோபர் முத்திரை.
பெயரைப் படிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்:
பெர்ஃபெக்தா யானெஸ்,
மற்றும் உடன் வசிக்கும் அனைவரும்.

மூன்று தடவை போனேன், என்றார்.
வீட்டில் ஆள் இல்லையா?
இருந்தார்கள்.

தாடேயோ தர்பூசணித் தோல்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

கவரை வேறெங்காவது வைத்தால் போதும்,
செலவில்லாத வைத்தியம் என்றேன்.
முன் சீட்டைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார்.
கண்ணாடி வழியே ஊருக்கெல்லாம் தெரியும் இடங்கள்.
பல்பை எடுத்துவிட முடியுமா என்றார்.

ஐந்து வாட். சுண்டுவிரல் நுனி அளவு.
ராப்பகலாக எரிந்து கண்ணாடி கறுத்திருந்தது.
துணியைச் சுற்றி உருவினேன், அப்படியும் சுட்டது.
கவரை அது கிடந்த கோணத்திலேயே விட்டு
மூடியைச் சாத்தினேன்.
மீட்டர்: முப்பத்தொன்று.

பில்லில் கிளட்ச் வேலையை மட்டும் எழுதினேன்.
அவர் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். டிக்.
நாற்பத்தாறு டிகிரியில், குளிரக் குளிர,
சொலிதாரிதாத் சாலையில் திரும்பிப் போனார்,
அன்றைய நோட்டீஸ்களோடு.